ஒரே தட்டில் இரண்டு முயல்கள்

வீட்டு முயல் கண்ட இடத்தில் கழிக்கும் பிராணி அல்ல. தனக்கென்று ஒரு மூலையைத் தேர்ந்துகொண்டு, சிறுநீர் கழிக்கப் பெரும்பாலும் அங்கேயே போகும். புழுக்கையிலும் பெரும்பங்கு அங்கேயே விழும். அந்த மூலையில் ஒரு பிளாஸ்டிக் பேசினையோ விளிம்பு தாழ்ந்த பெட்டியையோ வைத்து, உள்ளே காகிதமும் காய்ந்த புல்லும் பரப்பிவிட்டால் அதுதான் புழுக்கைத் தட்டு. தனியாக வளரும் முயல் பொறுமையாகப் பழக்கினால் இதற்குப் பழகிவிடும். சிக்கல் பெரும்பாலும் இரண்டாவது முயல் வந்த பிறகுதான் தொடங்குகிறது. மாதக்கணக்கில் ஒழுங்காக இருந்த முயல் தட்டுக்கு வெளியே புழுக்கை இறைக்கும். சாக்கின் மேல் மூத்திரம் பெய்யும். இரண்டும் உடலோடு உடல் ஒட்டிப் படுத்து, ஒன்றின் நெற்றியை மற்றது நக்கிவிடும் அளவுக்கு நெருங்கிய பின்னும் இது தொடர்வதுண்டு. இலங்கையின் மத்திய மலைநாட்டில் உள்ள வட்டவளை போன்ற தோட்டப்புறத்தில், லயத்து இஸ்தோப்பின், அதாவது முன்திண்ணையின், ஒரு ஓரமே முயலுக்கும் ஆளுக்கும் பொது இடமாக இருக்கும்போது, இது முயல் வளர்ப்பையே கைவிட வைக்கும் சிக்கலாகிவிடுகிறது. ஆனால் தட்டுக்கு வெளியே விழுவது ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு. எது விழுந்தது, எங்கே விழுந்தது என்று பார்த்தால் அந்தக் காரணத்தைப் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

தமிழில் முயல் என்ற ஒரு சொல் இரண்டு வேறு விலங்குகளைக் குறிக்கிறது. இலங்கையின் காடுகளிலும் புல்வெளிகளிலும் திரிவது கறுப்புப்பிடரி முயல். லீபஸ் நைக்ரிகோலிஸ் என்பது அதன் விஞ்ஞானப் பெயர். அது வளை தோண்டாது. புல்லுக்குள் ஒரு சிறு பள்ளத்தில் தனியாகப் படுத்திருக்கும். அதன் குட்டி பிறக்கும்போதே மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். வீட்டில் வளர்வது குழிமுயல், அதாவது ஓரிக்டோலேகஸ் குனிகுலஸ். ஸ்பெயினும் போர்த்துகலும் அடங்கிய ஐபீரியத் தீபகற்பமும் பிரான்சின் தென்மேற்குப் பகுதியும் அதன் பூர்வீகம். வெள்ளை, சாம்பல், புள்ளி போட்டது, காது தொங்கியது எல்லாம் இந்த ஓர் இனமே. நிலத்துக்கடியில் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்வது இதன் இயல்பு. காட்டில் தனித்துத் திரியும் முயலை மனதில் வைத்துக்கொண்டு வீட்டு முயலின் பழக்கத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

வளையில் கூட்டமாக வாழும் குழிமுயல்கள் நிலத்தின் மேல், திறந்த இடங்களில், குறிப்பிட்ட சில இடங்களில் புழுக்கையைக் குவித்து வைக்கின்றன. ஒரே குவியலுக்குப் பல முயல்கள் மாறி மாறி வரும். இந்தக் குவியல்களை மிக நுணுக்கமாக ஆராய்ந்த நாடு அவுஸ்திரேலியா. 1859இல் விக்டோரியா மாநிலத்தில் தோமஸ் ஓஸ்டின் என்ற நிலக்கிழார் இங்கிலாந்திலிருந்து வரவழைத்து விட்ட முயல்கள் பெருகி, அந்தக் கண்டத்தின் பயிரையும் புல்லையும் அழித்தன. அதனால் அங்கே முயலின் நடத்தை அரசாங்கமே அக்கறை எடுத்த ஆய்வுப் பொருளாயிற்று. கன்பராவில் சிஎஸ்ஐஆர்ஓ என்ற அரசாங்க ஆராய்ச்சி நிறுவனத்தில் பணிபுரிந்த ரோமன் மைக்கிடோவிச், 1950களிலும் 1960களிலும் முயல் கூட்டங்களை வேலியிட்ட நிலங்களில் வளர்த்துக் கவனித்தார். முயலுக்கு வாசனைச் சுரப்பிகள் மோவாயிலும் குதத்தை ஒட்டியும் தொடையிடுக்கிலும் உள்ளன. கூட்டத்தில் மேல்நிலையில் உள்ள ஆண்களுக்கு இந்தச் சுரப்பிகள் பெரிதாக இருப்பதையும், அந்த ஆண்களே அதிகமாக அடையாளம் இடுவதையும், குவியலில் போடப்படும் புழுக்கை குதச் சுரப்பியின் வாசனையைச் சுமந்திருப்பதையும் அவர் காட்டினார். ஆகவே அந்தக் குவியல் கழிப்பிடம் மட்டுமல்ல. இங்கே யார் இருக்கிறார்கள், இது யாருடைய நிலம் என்று மூக்குக்குச் சொல்லும் அறிவிப்பும் அதுதான்.

ஒரு மூலையை விடாமல் பயன்படுத்தும் பழக்கமும், புது முயல் வந்தவுடன் தரையெங்கும் புழுக்கை இறைக்கும் பழக்கமும் இந்த ஒரே வேரிலிருந்து வந்தவை. முதலாவது மனிதருக்கு வசதி, இரண்டாவது தொல்லை என்பது மனிதர் வைத்த கணக்கு.

காலையில் தட்டை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்த்தால் மூன்று வகைப் பொருள் தெரியலாம். முதலாவது கெட்டிப் புழுக்கை. பட்டாணி அளவு, உருண்டை, மங்கிய பழுப்பு நிறம். விரலால் நசுக்கினால் ஈரமில்லாமல் உதிர்ந்து, பொடியாக நறுக்கிய புல்லாகவே பிரியும். நாற்றம் அநேகமாக இல்லை. நல்ல தேகநிலையில் உள்ள ஒரு முயல் நாளொன்றுக்கு 100 முதல் 300 வரை போடும். இரண்டாவது மென்புழுக்கை. சின்னஞ்சிறு திராட்சைக் குலை போல ஒட்டிக்கொண்ட கரிய மணிகள், மேலே சளிப் பூச்சின் பளபளப்பு, கடுமையான வாசனை. மூன்றாவது சிறுநீர் காய்ந்த இடத்தில் படிந்த வெண்மை.

மென்புழுக்கை கழிவே அல்ல. முயல் தின்ற புல் பெருங்குடலை அடையும்போது இரண்டாகப் பிரிக்கப்படுகிறது. நீளமான நார்த்துண்டுகள் நேரே முன்னே தள்ளப்பட்டுக் கெட்டிப் புழுக்கையாக வெளியேறுகின்றன. நுண்ணிய துகளும் நீரும் பின்னோக்கிக் குருட்டுக்குடலுக்குத் திருப்பி அனுப்பப்படுகின்றன. உணவுக்குழாயில் உள்ள மொத்தப் பொருளில் ஏறத்தாழ 40 வீதம் குருட்டுக்குடலில்தான் கிடக்கும். அங்கே நுண்ணுயிர்கள் அதை நொதிக்க வைத்துப் புரதமும் பி வகை உயிர்ச்சத்துகளும் உண்டாக்குகின்றன. அந்தச் சத்து நிறைந்த பொருள்தான் பிறகு மென்புழுக்கையாக வருகிறது. முயல் குனிந்து குதத்திலிருந்தே அதை வாயால் எடுத்து விழுங்கிவிடும். 1882இல் பிரெஞ்சு மிருக வைத்தியர் மொரோ இதை விவரித்தார். சாதாரண நாளில் மென்புழுக்கை வளர்ப்பவர் கண்ணுக்கே படாது.

அது தரையில் கிடந்தால், தட்டுப் பழக்கம் கெட்டது என்று எடுத்துக்கொள்வது தவறு. பெரும்பாலும் உணவில்தான் கோளாறு. ரொட்டித் துண்டு, பிஸ்கட், சோறு, வாழைப்பழம் என்று மாவும் இனிப்பும் மிகுந்தால் குருட்டுக்குடலின் நுண்ணுயிர்ச் சமநிலை குலையும். மென்புழுக்கை களியாகிப் பின்பக்க மயிரில் அப்பிக்கொள்ளும். தோட்டத்து அடுப்படியில் கோதுமை மா ரொட்டி மிஞ்சுவது சாதாரணம்; அதை முயலுக்குப் போடுவது அன்பினால் செய்யப்படும் கெடுதி. உடல் பெருத்த முயலுக்குக் குனிய முடியாது, முதுகு மூட்டு வலியுள்ள முயலும் குனியாது. அவற்றின் மென்புழுக்கையும் தரையில் கிடக்கும். உணவில் பெரும்பகுதி புல்லாக மாறினால் பெரும்பாலான முயல்களில் இது நின்றுவிடும்.

முயலின் சிறுநீரில் ஒரு விசித்திரம் உண்டு. பெரும்பாலான பாலூட்டிகள் தேவைக்கேற்பவே குடலில் கல்சியத்தை உறிஞ்சும். முயலோ கிடைப்பதில் பெரும்பகுதியை உறிஞ்சிவிட்டு, மிச்சத்தைச் சிறுநீரகம் வழியாக வெளியேற்றும். முயலின் சிறுநீர் கலங்கலாக, சில வேளை பால் கலந்தது போல இருப்பது கல்சியம் காபனேற்றுத் துகளால்தான். தட்டின் அடியில் சுண்ணாம்பாகப் படிவதும் அதுதான். சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் போகாத அந்தப் படிவின் மேல் வினாகிரியை ஊற்றி வைத்தால் நுரைத்துக் கரையும். நிறமும் தினம் மாறும்: வெளிர் மஞ்சள், செம்மஞ்சள், செங்கல் சிவப்பு. பீட்ரூட் இலை போன்ற நிறமுள்ள கீரை தின்ற மறுநாள் தட்டைப் பார்த்துப் பதறுவோர் பலர். சீரான சிவப்பு பெரும்பாலும் நிறமிதான். சிறுநீருக்குள் தனியாகத் திட்டுத் திட்டாகவோ கட்டியாகவோ சிவப்பு தெரிந்தால் அது இரத்தமாக இருக்கலாம். உறுதி சொல்லக்கூடியது பரிசோதனை மட்டுமே.

இனிச் சோடியின் கதை. இரண்டு முயல்களைச் சேர்த்துவைக்கும்போது, முதலில் வந்தது தன் நிலத்தைக் காக்கும். பின்னால் வந்தது தனக்கு ஓர் இடம் தேடும். இரண்டும் உருண்டையான காய்ந்த புழுக்கையை ஆங்காங்கே ஒவ்வொன்றாகப் போடும். அறைக் கதவின் ஓரம், தீனித் தட்டின் அருகு, மற்றது படுக்கும் இடம் என்று எல்லைபோல் தோன்றும் இடங்களிலேயே அது விழுவதைக் கவனிக்கலாம். ஆண் முயல் சில வேளை பெட்டையைச் சுற்றி ஓடி, தாவும்போதே அதன் மேல் சிறுநீரைப் பீய்ச்சும். சுவரில் முழங்கால் உயரத்தில் கறை தெரிந்தால் அதுவும் பீய்ச்சியதுதான்; சாதாரணமாகக் கழிக்கும் சிறுநீர் தரையில் குட்டையாக நிற்கும். இவை எல்லாம் அடையாளமிடுதல். இருவருக்கும் இடையில் யார் பெரியவர் என்பது முடிவானதும் சில வாரங்களில் குறையும். அதற்குள் அடித்துத் திருத்தப் பார்ப்பது, மூக்கைக் கழிவில் தேய்ப்பது எல்லாம் வீண் கொடுமை. முயல் அதிலிருந்து கற்றுக்கொள்வது கையைக் கண்டால் ஓட வேண்டும் என்பதை மட்டும்.

அடையாளமிடுதலைத் தூண்டுவது பாலியல் சுரப்புநீர். ஆண் முயலின் விதைகள் சுமார் மூன்று மாத வயதில் இறங்கும். பெட்டை நான்கு முதல் ஆறு மாதத்தில் பருவமடையும். காயடித்த ஆணும் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்த பெட்டையுமே மிக அமைதியான சோடி. சத்திரசிகிச்சை முடிந்த அன்றே பழக்கம் மாறிவிடாது. இரத்தத்தில் சுரப்புநீர் வடியச் சில வாரங்கள் ஆகும். காயடித்த ஆணும் அதன் பின் சில வாரங்கள் கருவுறச் செய்யும் ஆற்றலோடு இருக்கும். ஒரு மாதத்தில் குட்டி ஈனும் இனமாகையால் இந்தக் கணக்கை மறப்பது ஆபத்து. பெட்டைக்கு இன்னொரு காரணமும் உண்டு: கருப்பை அகற்றப்படாத பெட்டைகளில் வயது ஏறும்போது கருப்பைப் புற்றுநோய் மிகச் சாதாரணமாகக் காணப்படுகிறது. தட்டில் தெரியும் இரத்தத் திட்டு சில வேளை அதன் முதல் அறிகுறியாகிவிடும். சத்திரசிகிச்சை செய்யாத பெட்டை, சினை இல்லாமலே சினைபோல நடந்துகொள்வதும் உண்டு. தட்டில் உள்ள புல்லை வாயால் கவ்வி வெளியே கொண்டுபோகும், தன் மயிரைப் பிடுங்கிக் கூடு கட்டும், தட்டைக் கிண்டிக் கவிழ்க்கும். ஏறத்தாழ 16 முதல் 18 நாள் நீளும் இந்தப் பொய்ச்சினையில் தட்டு கலைந்து கிடப்பதற்குப் பழக்கக்கேடு காரணமல்ல.

பண்ணையிலிருந்து வாங்கிய முயலுக்கு வேறு கதை. கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் உள்ள இந்திய மத்திய அரசின் செம்மறி, கம்பளி ஆராய்ச்சி நிலையம் முதல் இலங்கையின் சிறு பண்ணைகள் வரை, இறைச்சிக்கும் ரோமத்துக்கும் வளர்க்கும் முயல்கள் பொதுவாகக் கம்பி வலைத் தரையுள்ள கூடுகளில் இருக்கும். புழுக்கையும் மூத்திரமும் வலை வழியே கீழே விழுந்துவிடும். நோயைத் தடுக்க அது சிறந்த ஏற்பாடு. ஆனால் அப்படி வளர்ந்த குட்டிக்கு மூலை என்ற ஒன்று தேவைப்பட்டதே இல்லை. வீட்டுக்கு வந்ததும் அதற்கு எல்லாம் முதலிலிருந்து பழக வேண்டும். முதலில் சிறு அடைப்புக்குள் வைத்து, அது தானாகத் தேர்ந்த மூலையில் தட்டை வைத்து, மூத்திரம் நனைந்த காகிதத் துண்டையும் ஒரு பிடி புழுக்கையையும் அதற்குள் போட்டு, பழகிய பின் இடத்தைப் படிப்படியாக விரிப்பதே வழி. புதிதாகச் சேர்ந்த சோடிக்கும் இதே முறைதான். தனித்தனியே பழகிய இரண்டு முயல்கள் சேர்ந்தவுடன் பழகாத இரண்டாகிவிடுகின்றன.

சோடிக்குத் தட்டு வைப்பதில் பலர் செய்யும் தவறு அளவில். ஒரு முயல் மட்டும் திரும்பி உட்காரக்கூடிய பேசினில் இரண்டு முயல் கழிக்க முடியாது. மேல்நிலையில் உள்ளது தட்டுக்குள்ளேயே நீட்டி நிமிர்ந்து படுத்துவிடும்; மற்றது வாசல் வரை வந்து முகர்ந்துவிட்டு, அருகில் உள்ள சாக்கிலோ கம்பளியிலோ வேலையை முடித்துக்கொள்ளும். மென்மையான, ஈரத்தை உறிஞ்சும் பரப்பு முயலுக்குத் தட்டைப் போலவே தோன்றும். இரண்டும் சேர்ந்து நீட்டிப் படுக்கும் அளவுக்குத் தட்டும், வேறொரு மூலையில் இரண்டாவது தட்டும் வைத்தாலே பாதிச் சிக்கல் தீரும். தட்டின் தலைமாட்டில் புல் எப்போதும் இருக்க வேண்டும். முயல் தின்றுகொண்டே கழிக்கும். புல்லும் தட்டும் தனித்தனி இடத்தில் இருந்தால் புல் இருக்கும் இடத்தைத்தான் அது தேர்ந்தெடுக்கும்.

வட்டவளைக்கு என்றே உள்ள எதிரி ஈரம். கடல் மட்டத்திலிருந்து சுமார் ஆயிரம் மீட்டர் உயரத்தில், மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் இருப்பதால், தென்மேற்குப் பருவக்காற்று மலையில் மோதிக் கொட்டும் மழையை இந்த ஊர் முழுதாக வாங்குகிறது. வளிமண்டலவியல் திணைக்களத்தின் கணக்கில் மே முதல் செப்டெம்பர் வரையான ஐந்து மாதத்தில் வட்டவளையின் சராசரி மழை 3,252 மில்லிமீட்டர்; பக்கத்துக் கினிகத்தேனையில் 3,267. யாழ்ப்பாணத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்வதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். குளிர்ச்சி முயலுக்கு நல்லது. கொழும்பு வெக்கையில் மூச்சிரைக்கும் முயல் இங்கே நிம்மதியாக இருக்கும். ஆனால் அந்த மாதங்களில் எதுவும் காயாது. தட்டில் போட்ட பழைய பத்திரிகை காற்றின் ஈரத்திலேயே நமத்துப்போகும். மரத்தூள் ஈரம் குடித்து அப்பமாகக் கட்டிக்கொள்ளும்.

ஈரத் தட்டில் பக்ரீரியாக்கள் சிறுநீரின் யூரியாவை அமோனியாவாக மாற்றுகின்றன. முயல் மூக்கால் மட்டுமே மூச்சு விடும் பிராணி. அந்த மூக்கு தட்டிலிருந்து ஒரு சாண் உயரத்தில்தான் இருக்கிறது. மனிதர் குனிந்து முகர்ந்தால் கண்ணில் நீர் வரும் தட்டில், அந்தக் காற்றுதான் முயலுக்கு முழு மூச்சும். மூக்கின் உட்தோல் அரிக்கப்பட, அங்கே ஏற்கெனவே தங்கியிருக்கும் பாஸ்டுரெல்லா பக்ரீரியா கிளம்பித் தும்மலும் சளியும் தொடங்கும். நாய், பூனைக்கு இருப்பது போல் முயலின் பாதத்தில் சதைத்திட்டு கிடையாது, அடர்ந்த மயிர் மட்டுமே. அது நாள்முழுதும் நனைந்திருந்தால் பின்னங்கால் தோல் சிவந்து புண்ணாகும். இத்தனையும் தெரியாமலே முயல் முன்கூட்டி ஒரு முடிவு எடுத்துவிடுகிறது: நனைந்த தட்டை விட்டு, காய்ந்த தரைக்குப் போகிறது. மழைக்காலத்தில் மட்டும் தட்டை மறக்கும் சோடிக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

வெயில் காலத்தில் இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்றிய தட்டை மழைக்காலத்தில் தினமும், சோடி என்றால் தேவைப்பட்டால் காலையும் மாலையும் மாற்ற வேண்டிவரும். அடியில் தடித்த காகிதம், நடுவில் மரச்சீவல், மேலே காய்ந்த புல் என்று மூன்று அடுக்கு வைத்தால் பாதம் படும் இடம் காய்ந்திருக்கும். பைன் மரத்தின் பிசின் வாசனை மிகுந்த சீவலைத் தவிர்ப்பது நல்லது. அதிலிருந்து எழும் ஆவி ஈரலைப் பாதிக்கக்கூடியது. பூனைக்கு விற்கும், நனைந்தால் கட்டியாகும் களிமண் மணல் அறவே கூடாது. முயல் அதைக் கொறித்தால் குடலுக்குள் வீங்கும். கினிப்புல்லை மழை விட்ட நாளில் வெட்டி, கூரைத் தகரத்தின் கீழ் கயிற்றில் சிறு கட்டுகளாகத் தொங்கவிட்டுச் சேமிக்கலாம். குவித்து வைத்தால் உள்ளே சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணப் புல் தீனிக்கும் ஆகாது, தட்டுக்கும் ஆகாது. களைநாசினி அடித்த மலையின் புல்லை எவ்வளவு கழுவினாலும் முயலிடம் கொண்டுவரக் கூடாது. சுத்தம் செய்யும்போது தட்டில் ஒரு பிடி பழைய புழுக்கையை விட்டு வைப்பதும், தட்டுக்கு வெளியே விழுந்ததை வினாகிரியால் மணமே இல்லாமல் துடைப்பதும், கழிக்கும் இடம் தட்டுதான் என்று மூக்குக்குச் சொல்லும் ஒரே காரியத்தின் இரண்டு பக்கங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும், நெடுநாள் ஒழுங்காக இருந்த சோடியில் ஒன்று திடீரென மாறினால், நோயை நினைக்க வேண்டும். பின்தொடை எப்போதும் நனைந்திருப்பது, முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகப் பெய்வது, சிறுநீர் பற்பசை போல் குழைந்து வருவது ஆகியன சிறுநீர்ப்பையில் கல்சியச் சேறு சேர்ந்ததன் அறிகுறியாகலாம். என்செஃபலிடோசூன் குனிகுலி என்ற நுண்ணிய ஒட்டுண்ணி மூளை, சிறுநீரகம், கண் மூன்றையும் தாக்கும். தலை ஒரு பக்கம் சாய்வதும், கட்டுப்பாடின்றிச் சிறுநீர் கசிவதும் அதன் விளைவுகளில் சில. அதன் வித்துகள் வெளியேறுவது சிறுநீர் வழியே. ஒரே தட்டில் உட்கார்ந்து ஒரே புல்லைத் தின்னும் சோடியில் ஒன்றுக்கு அது உறுதியானால் மற்றதையும் பரிசோதிப்பது அவசியம். முதுமையில் மூட்டு வலி வந்த முயல் உயரமான விளிம்பைத் தாண்டத் தயங்கி வாசலிலேயே கழித்துவிடும். பேசினின் ஒரு பக்கத்தை இரண்டு விரல் உயரத்துக்கு வெட்டி, வெட்டிய விளிம்பைத் தேய்த்து மழுக்கிக் கொடுத்தால் அது மறுபடி உள்ளே போகும்.

சோடித் தட்டின் மிகப் பெரிய ஆபத்து வெளியே விழுவதில் இல்லை, உள்ளே விழாமல் போவதில் இருக்கிறது. முயலின் குடல் ஓடாமல் நின்றால் அது அவசர நிலை. தீனி தின்னாமல், புழுக்கை போடாமல் ஒரு பகலோ ஓர் இரவோ கழிந்தால் உயிருக்கே கேடு. தனி முயலின் தட்டு காலியாக இருந்தால் யாருக்கும் தெரியும். சோடியின் தட்டில் ஒன்று முற்றாக நிறுத்திவிட்டாலும் மற்றது போட்ட நூறு, இருநூறு புழுக்கை அங்கே கிடக்கும். தட்டு நிறைந்திருக்கிறது என்று நம்பி வேலைக்குப் போய்விடுவார்கள். அதனால் தினமும் பார்க்க வேண்டியது தட்டு நிறைந்ததா என்பதை அல்ல. அளவு பாதியாகிவிட்டதா, புழுக்கைகளில் சில மட்டும் மிளகு போல் சிறுத்துவிட்டனவா, சில மயிரால் கோத்த மணிபோல் வருகின்றனவா என்பதை. சந்தேகம் வந்தால் நடுவே கம்பி வலை போட்டு, ஒன்றையொன்று முகரும்படி அருகருகே, தனித்தனித் தட்டோடு சில மணிநேரம் வைத்தால் எந்த முயல் என்பது தெரிந்துவிடும். வலை மணத்தைத் தடுக்காது, ஆகவே சோடி குலையாது.

மருத்துவரிடம் போகும்போதும் இதே கவனம் வேண்டும். வட்டவளை அமைந்த மலையகப் புகையிரதப் பாதையிலேயே பேராதனையும் இருக்கிறது. அங்கே பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தில் போதனா மருத்துவமனை உண்டு. எங்கே போனாலும், முயலின் மயக்க மருந்து அனுபவம் உள்ளவரா என்று கேட்டுக்கொள்வது நல்லது. முயலால் வாந்தி எடுக்க முடியாது என்பதால் சத்திரசிகிச்சைக்கு முன் நாய், பூனை போல் பட்டினி போடத் தேவையில்லை; புல் கடைசி வரை கிடைக்க வேண்டும். அன்று காலையின் புழுக்கை பத்துப் பன்னிரண்டை ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துச் செல்வது வைத்தியருக்கு உதவும். நோயுற்றதை மட்டும் கொண்டுபோய், மருந்து மணத்தோடு திரும்பக் கொண்டுவந்து விட்டால் வீட்டில் இருந்தது அதை அந்நியன் என்றே எடுத்துக்கொள்ளும்; கடியும் துரத்தலும், அறையெங்கும் புழுக்கையும் முதல் நாள்போல் தொடங்கும். ஒரே கூடையில், நடுவே அவற்றின் தட்டிலிருந்து எடுத்த ஒரு பிடி புல்லோடு, இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோய் இரண்டையும் சேர்த்தே கொண்டுவந்தால் இரண்டின் மேலும் ஒரே மணம் இருக்கும். திரும்பி வந்ததும் பழைய தட்டுக்கே போகும்.